ஷட்டர் இறங்கிய பிறகு எரியும் மின்சாரம்

வாரத்துக்கு 168 மணி நேரம். ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று நடக்கிற அலுவலகம் அதில் 48 மணி நேரம்தான் திறந்திருக்கிறது. மிச்சமுள்ள 120 மணி நேரமும் நாற்காலிகள் காலி, மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அலுவலக மின்சிக்கனம் என்றதும் நாம் பேசுவது பெரும்பாலும் அந்த 48 மணி நேரத்தைப் பற்றித்தான்: வேண்டாத விளக்கை அணையுங்கள், ஏ.சி.யை 24இல் வையுங்கள், திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். நல்ல யோசனைகள்தாம். ஆனால் கணினி, பிரின்டர், காப்பியர், யு.பி.எஸ். முதலியவற்றின் கணக்கு வேறு மாதிரி. வேலை செய்யும்போது அவை இழுக்கிற மின்சாரத்தைவிட, வேலைக்காகக் காத்திருக்கும்போது இழுப்பதே பல அலுவலகங்களில் அதிகம். அந்தக் காத்திருப்புக்குப் பொறுப்பாளி என்று யாரும் இல்லை. பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதைக் கொச்சி மட்டாஞ்சேரியை வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அதே கொச்சியில், காக்கநாட்டில், இன்ஃபோபார்க் இருக்கிறது. அது தன் வளாகத்துக்குள் மின்சாரத்தைத் தானே விநியோகிக்கும் உரிமம் பெற்ற அமைப்பு. வில்லிங்டன் தீவில் துறைமுகமும் அப்படியே. அங்கெல்லாம் மின்சாரத்தைக் கவனிப்பதற்கென்றே பொறியாளர்கள் சம்பளத்தில் இருக்கிறார்கள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் மாடிகளில் அப்படி ஒருவரும் இல்லை. மிளகு, ஏலம், சுக்கு, அரிசி மொத்த வியாபாரிகள், கப்பல் சரக்கு ஏஜென்ட்கள், ஆடிட்டர்கள், டிராவல்ஸ்காரர்கள், யூதத் தெருப் பழம்பொருள் கடைகளின் பின்னறைக் கணக்குப் பிரிவுகள் என்று மூன்று பேர், ஐந்து பேர், பத்துப் பேர் வேலை செய்யும் இடங்கள். குஜராத்தி, கொங்கணி, கச்சி மேமன், தமிழ், மலையாளக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தொழில் செய்யும் தெருக்கள். நம் ஊரின் பெரும்பாலான அலுவலகங்கள் இந்த அளவுதான். மதுரை கீழமாசி வீதியிலோ கொழும்பு செட்டியார் தெருவிலோ போய்ப் பார்த்தாலும் கணக்கு ஏறக்குறைய இதுவாகத்தான் வரும்.

இந்த அலுவலகங்களில் ஒரு காலத்தில் மின்சாரத்துக்கு வேலையே குறைவு. டியூப் லைட், சீலிங் ஃபேன், அவ்வளவுதான். டைப்ரைட்டர் விரல் பலத்தில் ஓடியது. பேரேடு கையால் எழுதப்பட்டது. இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் 1957இல் மட்டாஞ்சேரியில் முன்பேர வணிகத்தைத் தொடங்கியபோது, விலை பேசியது மனிதக் குரல். உரத்துக் கூவி வாங்கி, உரத்துக் கூவி விற்ற வியாபாரம் அது. உடன் நின்ற கருவி தொலைபேசி. பிறகு டெலக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் வந்தது, கணினி வந்தது. மிளகு விலையும் திரைக்குள் போனது.

இதில் ஃபேக்ஸைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் காலை 11 மணி என்றால் கொச்சியில் இரவு எட்டரை, அல்லது ஒன்பதரை. அங்குள்ள மிளகு இறக்குமதியாளர் ஆர்டர் அனுப்பும் நேரத்தில் இங்கே கடை அடைத்தாகிவிட்டது. ஆகவே ஃபேக்ஸ் மெஷினை இரவில் அணைக்கக் கூடாது என்பது அலுவலக விதியாயிற்று. அணைத்தால் ஆர்டர் போச்சு. ‘ஆபீஸ் மெஷினை ஆஃப் பண்ணாதே’ என்ற எண்ணம் இந்தத் தெருக்களில் ஊறியதற்கு ஃபேக்ஸ்தான் முதல் காரணம் என்பது என் கணிப்பு. இன்று ஆர்டர் வாட்ஸாப்பிலும் மின்னஞ்சலிலும் வந்து முதலாளியின் சட்டைப்பையில் விழுகிறது. ஆர்டருக்காக இரவில் விழித்திருக்க வேண்டிய கருவி கைபேசி ஒன்றுதான். பழைய விதியோ அப்படியே டெஸ்க்டாப்புக்கும் காப்பியருக்கும் மாறிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு பேர் வேலை செய்யும் ஒரு அலுவலகம். ஆறு டெஸ்க்டாப், எல்.இ.டி. மானிட்டருடன். ஓடும்போது ஒன்றுக்குச் சராசரியாக 80 வாட். மாதம் 25 நாள், எட்டு மணி நேரம் என்றால் 200 மணி. ஆறு கணினிக்கும் சேர்த்து 96 யூனிட். மாதத்தின் மீதி 520 மணி நேரம் அவற்றை அணைக்காமல், மானிட்டர் மட்டும் இருண்டு, பெட்டி சும்மா உறுமிக்கொண்டிருந்தால் ஒன்றுக்கு 50 வாட் என்று வையுங்கள். 156 யூனிட். உழைப்புக்கு 96, சும்மா இருப்பதற்கு 156. ‘ஸ்லீப்’ நிலைக்குப் போயிருந்தால் ஒன்றுக்கு இரண்டு வாட் போதும். மாதம் ஆறு யூனிட்டில் முடிந்திருக்கும். திரையில் மீன் நீந்துவதும் பூ பறப்பதுமான ஸ்கிரீன் சேவர் இதில் எந்த மிச்சமும் தராது. பழைய குழாய்த் திரைகளில் ஒரே உருவம் தங்கித் தடம் பதியாமலிருக்க வந்த ஏற்பாடு அது.

பிரின்டரின் கணக்கு இன்னும் திகைக்க வைக்கும். லேசர் பிரின்டர் அச்சடிக்கும்போது ஏறத்தாழ 500 வாட் எடுக்கும். டோனர் தூளை உருக்கிக் காகிதத்தில் ஒட்ட வைக்கும் உருளை 180, 200 டிகிரி வரை சூடாக வேண்டும், செலவெல்லாம் அதற்குத்தான். நாளுக்கு 100 பக்கம், நிமிடத்துக்கு 20 பக்கம் என்றால் அச்சு வேலை ஐந்தே நிமிடம். மாதம் முழுக்கவும் ஒரு யூனிட் சுற்றித்தான் ஆகும். உருளை திரும்பத் திரும்பச் சூடேறுவதைச் சேர்த்தாலும் சில யூனிட். அதே பிரின்டர், பழைய மாடலாக இருந்து, ‘ரெடி’ நிலையில் உருளையைச் சூடாகவே வைத்துக்கொண்டு 50 வாட்டில் இரவும் பகலும் நின்றால் மாதம் 36 யூனிட். புதிய மாடல்கள் சில நிமிடத்தில் தாமாகத் தூங்கிவிடும், தூக்கத்தில் ஒன்றிரண்டு வாட்டே எடுக்கும். ஆனால் ‘பிரின்ட் கொடுத்தால் உடனே வரமாட்டேன் என்கிறது’ என்று யாரோ ஒருவர் அந்தத் தூக்கத்தை மெனுவில் போய் நிறுத்தி வைத்திருப்பார். ஒரு பதினைந்து வினாடிக் காத்திருப்பைத் தவிர்க்க மாதம் முழுவதும் ஒரு ஹீட்டர் எரிகிறது. சுடுநீரும் குளிர்நீரும் தரும் டிஸ்பென்சர் ஒன்று மூலையில் நின்று நாளுக்கு ஒரு யூனிட் அளவு தின்பதும் இதே வகை.

காகிதத்தை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது. ஒரு தாளை அச்சடிக்க ஆகும் மின்சாரத்தைவிட அந்தத் தாளை ஆலையில் தயாரிக்க ஆகும் ஆற்றல் பத்து மடங்குக்கும் மேல். பிரின்டரில் மிகப் பெரிய சிக்கனம் இரு பக்கமும் அச்சடிப்பதில் இருக்கிறது. அது நம் மீட்டரில் தெரியாது. காகித ஆலையின் மீட்டரில் தெரியும்.

மட்டாஞ்சேரிக்கே உரிய ஒரு சிக்கல் ஈரம். காயல் ஓரம், உப்புக் காற்று, ஜூன் ஜூலையில் சுவரே வியர்க்கும். ஈரம் ஏறிய காகிதம் காப்பியருக்குள் ஒட்டிக்கொள்ளும், சுருளும், எழுத்து மங்கும். அதனால் பெரிய காப்பியர்கள் சிலவற்றில் காகிதத் தட்டுக்கு அடியிலோ டிரம்முக்குப் பக்கத்திலோ ஈரம் போக்கும் சின்ன ஹீட்டர் வைத்திருப்பார்கள். விஷயம் என்னவென்றால், முன்பக்கச் சுவிட்சை அணைத்தாலும் பிளக் சொருகியிருக்கும் வரை அந்த ஹீட்டர் எரியும். எரியத்தான் வேண்டும், அது வைக்கப்பட்டதே இரவுக்காக. ‘எல்லா பிளக்கையும் பிடுங்கு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகும் அறிவுரை இங்கே உதவாது. மழை மாதங்களில் அந்த ஹீட்டர் எரியட்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை, காற்று காய்ந்திருக்கும் நாட்களில், அது தேவையில்லை. சர்வீஸ் மெக்கானிக்கிடம் சொன்னால் அதற்கான தனிச் சுவிட்சைக் காட்டுவார். காகிதக் கட்டைப் பிரித்த பிறகு மூடி போட்ட டப்பாவில் வைக்கும் பழக்கம் வந்தாலே பாதிச் சிக்கல் தீரும். கணினியை ‘ஈரம் பிடிக்காமலிருக்க’ இரவெல்லாம் ஓட விடுகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் பகலில் எட்டு மணி நேரம் ஓடுகிற இயந்திரம் போதுமான அளவு சூடாகிவிடுகிறது. மாறாக, இரவு முழுவதும் சுற்றும் அதன் விசிறி உப்புக் காற்றையும் சுக்குத் தூசியையும் இன்னும் 16 மணி நேரம் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது யு.பி.எஸ். தமிழ்நாட்டில் 2008 முதல் 2013 வரையிலான மின்வெட்டுக் காலத்தை வாழ்ந்தவர்களுக்கு இதன் கதை தெரியும். கேரளத்திலும் அரை மணி நேரச் சுழற்சி மின்வெட்டு இருந்தது. இன்றும் மழைக் காற்றில் தென்னை மட்டை விழுந்தால் லைன் போகும். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு யு.பி.எஸ்., அலுவலகத்துக்கு ஒரு இன்வெர்ட்டர் என்று வாங்கிப் போட்டாயிற்று. பேட்டரி நிரம்பிய பிறகும், எந்தச் சுமையும் இல்லாதபோதும், சின்ன யு.பி.எஸ். ஒன்று எட்டு, பத்து வாட் எடுக்கும். ஆறுக்கு எட்டு வாட் வீதம் மாதம் 35 யூனிட். அதில் 25 யூனிட் ஆளில்லாத நேரத்தில். முன்பக்கப் பொத்தானை அமுக்கினால் வெளியே போகும் மின்சாரம்தான் நிற்கும், பல மாடல்களில் சார்ஜர் நிற்காது. சுவர்ச் சுவிட்சையும் அணைக்க வேண்டும். ஒரு ராத்திரி சார்ஜ் இல்லாமல் இருப்பதால் பேட்டரிக்குக் கேடு எதுவும் இல்லை. இன்னொன்று: லேப்டாப்புக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. லேப்டாப்பையும் யு.பி.எஸ்ஸில் சொருகி வைத்திருக்கும் அலுவலகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த யு.பி.எஸ்ஸுக்கு அங்கே வேலையே இல்லை.

இதையெல்லாம் அளக்க ஆடிட்டர் வேண்டாம், கருவியும் வேண்டாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று துடிக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். ஒற்றை ஃபேஸ் மீட்டர்கள் பலவற்றில் அது 3,200. கடையை அடைக்கும்போது, விளக்கும் விசிறியும் அணைந்த பிறகு, ஒரு நிமிடம் நின்று எண்ணுங்கள். ராத்திரி விழித்திருக்க வேண்டியவை சி.சி.டி.வி. பெட்டியும் ரவுட்டரும் மட்டுமே என்றால், இரண்டும் சேர்ந்து 50 வாட். நிமிடத்துக்கு மூன்று துடிப்புக்கு மேல் வரக் கூடாது. நான் மேலே சொன்ன அலுவலகத்தில் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போனால் நிமிடத்துக்கு 25 துடிப்பு வரும். மூன்றுக்கும் 25க்கும் இடையிலுள்ளதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். நிமிடத்துக்குப் பத்துத் துடிப்பு என்பது ஏறத்தாழ 190 வாட். அது பழைய சீலிங் ஃபேன் இரண்டரை ஓடுவதற்குச் சமம்.

ஏ.சி.யை நான் கடைசியில் வைத்திருப்பதால் அது சின்ன விஷயம் என்று பொருளில்லை. ஏ.சி. உள்ள அலுவலகத்தில் தனி ஒரு கருவியாக அதுவே பெரிய செலவு. ஒன்றரை டன் இயந்திரம் பகலில் மட்டும் ஓடினாலே மாதம் 200 யூனிட்டைத் தொடும். 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறி பெற்ற அறை ஏ.சி.கள் எல்லாம் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் மிச்சம் என்பது அரசின் கணக்கு. ஆனால் இயந்திரங்களுக்கும் ஏ.சி.க்கும் உள்ள தொடர்பு அதிகம் பேசப்படுவதில்லை. கணினி எடுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் விழுகிறது. அந்த வெப்பத்தை வெளியே தள்ள ஏ.சி. இன்னும் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தைச் செலவழிக்கிறது. ஆறு டெஸ்க்டாப்பை லேப்டாப்பாக மாற்றினால் கணினிச் செலவு 480 வாட்டிலிருந்து 150க்கு இறங்கும். கூடவே, அறைக்குள் எரிந்துகொண்டிருந்த ஒரு சின்ன அடுப்பும் அணைகிறது.

பஜார் ரோட்டின் பழைய கட்டடங்கள் இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்த சொத்து. தடித்த செம்புரைக்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான மங்களூர் ஓட்டுக் கூரை, காயல் காற்று வரும் எதிரெதிர் ஜன்னல்கள். மிளகு மூட்டையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கட்டிய கோடவுன்கள் மனிதர்களுக்கும் இதமாகவே இருந்தன. 2012இல் கொச்சி–முசிறி பினாலே தொடங்கிய பிறகு பல கிடங்குகள் கலைக்கூடமாகவும் கஃபேயாகவும் அலுவலகமாகவும் மாறின. உயிர் பிழைத்தன என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மாற்றும்போது முதலில் செய்வது ஃபால்ஸ் சீலிங் அடித்து, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு, ஸ்பிளிட் ஏ.சி. மாட்டுவது. சுவர் செய்துகொண்டிருந்த வேலையைச் சுவரிடமிருந்து பிடுங்கி மின்சாரத்திடம் கொடுக்கிறோம். 28 முதல் 35 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பழையது 75 வாட். மட்டாஞ்சேரியின் உயரக் கூரைக்கு நீளத் தண்டுடன் அதைத் தொங்கவிட்டால், ஆண்டில் ஏழெட்டு மாதம் ஏ.சி. தேவைப்படாத அறைகள் இங்கே நிறைய உண்டு.

உலகம் இந்தக் காத்திருப்பு மின்சாரத்தை எப்போதோ கவனித்துவிட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992இல் எனர்ஜி ஸ்டார் முத்திரையைக் கொண்டுவந்தபோது முதலில் அது ஒட்டப்பட்டது கணினியிலும் மானிட்டரிலும்தான். அடுத்த ஆண்டே, மத்திய அரசு அலுவலகங்கள் அந்த முத்திரை உள்ள கணினிகளையே வாங்க வேண்டும் என்று அதிபர் கிளிண்டன் உத்தரவிட்டார். சந்தை திரும்பியதற்கு அந்தக் கொள்முதல் உத்தரவு பெரிய காரணம். கருவிகளின் காத்திருப்பு மின்சாரத்தை ஒரு வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆலன் மேயர் வாதிட்டார். சர்வதேச எரிசக்தி முகமை 1999இல் அதைக் கையில் எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் ஒரு வாட், 2013 முதல் அரை வாட் என்று சட்டமாக்கியது. நம் மேசைக்கு வரும் புதிய மானிட்டரும் சார்ஜரும் அணைத்த நிலையில் அரை வாட்டே எடுக்கின்றன என்றால் அதற்கு அந்தச் சட்டமே காரணம். ஒரே தொழிற்சாலைதான் ஐரோப்பாவுக்கும் நமக்கும் செய்து அனுப்புகிறது.

ஆனால் முத்திரை மட்டும் போதாது என்பதையும் அதே பெர்க்லி ஆய்வுக்கூடத்தினர் கண்டார்கள். 2000களின் தொடக்கத்தில் இரவு நேரத்தில் அலுவலகக் கட்டடங்களுக்குள் நடந்து எண்ணிப் பார்த்தார்கள். டெஸ்க்டாப்புகளில் பாதிக்கும் மேல் அணைக்கப்படாமல் இருந்தன. அப்படி இருந்தவற்றில் தூங்கும் ஏற்பாடு வேலை செய்தது மிகச் சிலவற்றில்தான். தூங்கத் தெரிந்த இயந்திரத்தை யாரும் தூங்க வைக்கவில்லை. ஜப்பானின் அனுபவம் நேர் எதிர். 2011இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு வந்த கோடையில் தோக்கியோ, தோஹொக்கு பகுதிகளின் பெரிய மின்பயனாளர்கள் 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அரசு விதித்தது. 2005 முதலே கோட்டும் டையும் இல்லாமல் 28 டிகிரியில் வேலை செய்யப் பழகியிருந்த அலுவலகங்கள் அந்தக் கோடையைத் தாண்டின. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது கொழும்பு அலுவலகங்கள் எது அத்தியாவசியம், எது இல்லை என்று பிரிக்கக் கற்றுக்கொண்டன. அந்தப் பாடத்துக்கு அவர்கள் கொடுத்த விலை கொடுமையானது. அப்படியொரு நெருக்கடி வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

இந்தியாவில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. நட்சத்திரக் குறி 2006இல் தொடங்கியது. ஏ.சி., ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கு அது கட்டாயம். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் கட்டாயம். லேப்டாப்புக்கும், பிரின்டர், காப்பியர், ஸ்கேனருக்கும் குறி உண்டு. ஆனால் விரும்பினால் ஒட்டலாம் என்ற அளவில்தான். கேரளத்தில் 1996 முதல் எரிசக்தி மேலாண்மை மையம் இயங்குகிறது. 2017இல் மாநிலத்துக்கென எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதியும் வந்தது. அந்த வகை விதிகள் 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கானவை. சுவர், ஜன்னல், ஏ.சி., விளக்கு எல்லாவற்றையும் பார்க்கும் அவை, பிளக்கில் சொருகுவதைப் பார்ப்பதில்லை. மட்டாஞ்சேரி மாடி அலுவலகம் அளவாலும் தப்பிக்கிறது, பொருளாலும் தப்பிக்கிறது. காப்பியருக்கும் டெஸ்க்டாப்புக்கும் குறியைக் கட்டாயமாக்குவது ஒன்றும் கடினமான காரியமில்லை. விசிறிக்குச் செய்ததை இவற்றுக்கும் செய்யலாம். அதற்கு முன்பே மாநில அரசு தன் அலுவலகங்களுக்கு வாங்கும்போது குறி இல்லாததை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிடலாம்.

இரவு மின்சாரம் ஏன் முக்கியம் என்பதற்குக் கேரளத்தில் தனிக் காரணம் இருக்கிறது. 1976இல் ஓடத் தொடங்கிய இடுக்கியின் 780 மெகாவாட் உள்ளிட்ட நீர்மின்சாரம் இருந்தும், மாநிலத்தின் தேவையில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. நெய்வேலி நிலக்கரியிலும் கூடங்குளம் அணு உலையிலும் கேரளத்துக்குப் பங்கு உண்டு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கும், அங்கிருந்து திருச்சூருக்கும் நேர்மின் பாதை ஓடுகிறது. 2021இல் திறந்த புகளூர்–திருச்சூர் பகுதி மட்டும் 2,000 மெகாவாட் சுமக்கும். பகலில் கூரைச் சூரிய மின்சாரம் கை கொடுக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல்தான் மின்வாரியத்துக்கு மூச்சு முட்டும். 2024 மே மாத வெயிலில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. ஒரு நாள் செலவு 11 கோடி யூனிட்டைக் கடந்தது. உச்சம் இரவு பத்து மணிக்கும் அப்பால் நகர்ந்தது. அதாவது அலுவலகக் கணினி பகலில் உழைக்கும்போது எடுக்கும் யூனிட் ஒப்பீட்டளவில் மலிவானது, சுத்தமானதும்கூட. அது இரவில் சும்மா இருந்து எடுக்கும் யூனிட், வாரியம் வெளிச்சந்தையில் அதிக விலைக்கு வாங்கும் நேரத்து யூனிட். பெரும்பாலும் நிலக்கரி யூனிட். வீடுகளில் குழந்தைகள் புழுக்கத்தில் தூங்க முயலும் அதே நேரத்தில், இரண்டு தெரு தள்ளி யாருமில்லாத அறையில் ஆறு கணினி உறுமிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சின்ன அலுவலகத்தின் பில்லில் இந்த நேர வேறுபாடு பெரும்பாலும் தெரியாது. ஆனால் வேறொன்று தெரியும். கேரளத்தில் வணிக இணைப்புகளுக்கான கட்டணப் படிகள், வீட்டுக் கட்டணம்போலப் படிப்படியாக ஏறுவதில்லை. மேல் படியில் கால் வைத்துவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே அந்த மேல் விலைதான். மாதம் 600 யூனிட் ஓட்டுகிற அலுவலகம் 500க்குக் கீழே இறங்கினால், மிச்சப்படுத்திய யூனிட்டின் விலை மட்டுமல்ல, செலவழித்த ஒவ்வொரு யூனிட்டின் விலையும் குறைகிறது. டெஸ்க்டாப்புகளை இரவில் தூங்க வைத்தாலே 150 யூனிட் இறங்கும் என்று மேலே பார்த்தோம். இதை மட்டாஞ்சேரி வியாபாரிகளிடம் சொன்னால் அடுத்த நிமிடமே பழைய பில்லை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். சுற்றுச்சூழல் என்று தொடங்கினால் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள்.

அப்படியானால் யார் அணைப்பது? முதலாளி ஏழு மணிக்கு ஷட்டரை இறக்கும் அவசரத்தில் இருக்கிறார். ஊழியருக்கு பில் வருவதில்லை. சுவிட்ச் எல்லாம் மேசைக்கடியில், அலமாரிக்குப் பின்னால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் குவியலில். தினமும் யாரும் குனிந்து பத்துச் சுவிட்சை அணைக்கப் போவதில்லை. அணைக்கச் சொல்வதும் நியாயமில்லை. பரிகாரம் வயரிங்கில் இருக்கிறது. எலக்ட்ரீஷியனை ஒரு நாள் கூப்பிட்டு, சி.சி.டி.வி., ரவுட்டர், ஹீட்டர் உள்ள காப்பியர் ஆகியவற்றுக்கு ஒரு தனி லைன். மேசைகள், பிரின்டர், யு.பி.எஸ்., டிஸ்பென்சர் எல்லாவற்றுக்கும் இன்னொரு லைன். அந்த இரண்டாவதற்கு வாசலருகே ஒரே சுவிட்ச். கணினிகள் முறைப்படி ஷட் டவுன் ஆன பிறகு ஒரே ஒரு கைவேலை. பூட்டுகிறவர் யாரோ அவரே அணைக்கிறவர், வேலை யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை. அமெரிக்காவில் சுவர் சாக்கெட்டுகளில் பெரும்பாலும் சுவிட்ச் இருப்பதில்லை. அதனால் அங்கே விலை கொடுத்துச் சிறப்புப் பலகைகள் வாங்குகிறார்கள். நம் சுவரில் அது ஏற்கெனவே இருக்கிறது.

பழக்கமும் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. கேரளத்தின் கோடை மழையிலும், துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழையிலும் இடிமின்னல் கடுமை. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் வானம் கறுத்தால் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை பிளக்கைப் பிடுங்குவார்கள். டி.வி., மோடம், கணினி எதையும் விடுவதில்லை. யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை, போஸ்டர் ஒட்டவில்லை. மதர்போர்டு கருகினால் எத்தனை ஆயிரம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அது போதுமானதாக இருந்தது. அந்த மாதங்களில் ‘மாலையில் லைனை அணைத்துவிட்டுப் போங்கள், ராத்திரி இடி விழலாம்’ என்று தொடங்கினால் எதிர்ப்பே இருக்காது. நவம்பர் முடிவதற்குள் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மின்சாரம் மிச்சம் என்று நன்றாக ஓடுகிற டெஸ்க்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு லேப்டாப் வாங்குவது சரியான கணக்கில்லை. ஒரு லேப்டாப்பின் வாழ்நாள் கார்பனில் பெரும்பகுதி அது தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே செலவாகிவிடுகிறது. தூக்கிப் போட்டது எங்கே போகும் என்ற கேள்வியும் உண்டு. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு பற்றி எரிந்து, பத்து நாட்களுக்கு மேல் கொச்சி முழுவதும் புகையில் திணறியதை இந்த ஊர் மறக்கவில்லை. அடுத்த மாதமே நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பழையதை முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. விற்கிற கடையில் கேட்டு வாங்க வேண்டிய சேவை அது. இருக்கிற இயந்திரத்தை அதன் ஆயுள் முடியும்வரை ஓட்டுங்கள், ராத்திரியில் அணையுங்கள். அது செத்த பிறகு புதியது எடுக்கும்போது, கணினியென்றால் லேப்டாப். பெரும்பாலும் பில்லும் கடிதமும் அடிக்கிற பிரின்டரென்றால், சூடேற்றும் உருளையே இல்லாமல் 15 வாட்டில் வேலை முடிக்கும் இங்க் டேங்க். நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று கடைக்காரர் சொல்லத் தொடங்குவார். ஸ்லீப்பில் எத்தனை வாட், ரெடியில் எத்தனை வாட் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாமலிருக்கலாம், பெட்டிக்குள் வரும் விவரத்தாளில் இரண்டும் அச்சிட்டிருக்கும்.